முதலில் பாடம், அப்புறம் ஃபைல்: கத்தோலிக்கப் பல்கலைக்கழக நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஃபாதர்களுக்கும் சிஸ்டர்களுக்கும், ஆட்சிக்குழுவிலும் கல்விக்குழுவிலும் இருக்கும் மற்றவர்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கு ஓரம். தமிழ் மீடியம் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். என் மகள் உங்களைப் போன்ற ஒரு துறவற சபை நடத்தும் தனியார் பல்கலைக்கழகத்தில், வேறு மாநிலத்தில், ராத்திரி ரயில் ஏறிப் போகிற ஊரில் படிக்கிறாள். பொருளாதாரமும் புள்ளியியலும் சேர்ந்த பட்டப்படிப்பு. எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப் போவதில்லை. பேர் சொன்னால் அந்த ஒரு வளாகத்தின் பிரச்சினையாக இது சுருங்கிவிடும். மற்றவர்கள் “நம்மைச் சொல்லவில்லை” என்று நிம்மதியாகிவிடுவார்கள். அதோடு, அவள் இன்னும் அங்கேதான் பரீட்சை எழுத வேண்டும்.

இப்போது எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2025 மார்ச்சில் கேரளச் சட்டமன்றம் தனியார் பல்கலைக்கழக மசோதாவை நிறைவேற்றியது. தன்னாட்சி வாங்கிய கத்தோலிக்கக் கல்லூரிகள் தேவரா, சங்ஙனாச்சேரி, எர்ணாகுளம், திருச்சூர் என்று இங்கே வரிசையாக இருக்கின்றன. அவற்றில் சில நாளைக்குப் பல்கலைக்கழகமாகலாம். மசோதா வந்த நாட்களில் பேப்பரிலும் டிவியிலும் பேசியதெல்லாம் 25 கோடி ரூபாய் வைப்புநிதி, நிலம், கேரள மாணவர்களுக்கு 40 சதவீத இடம், இவைதான். வகுப்பில் என்ன நடக்கும் என்று யாரும் பேசி என் காதில் விழவில்லை. கட்டடம் எழும்பிய பிறகு பேசினால் யார் கேட்கப் போகிறார்கள்? அதனால்தான் இப்போது.

நான் வெளியாள் இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் கோயம்புத்தூர், கோழிக்கோடு மறைமாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து 2013 டிசம்பரில் சுல்தான்பேட்டை மறைமாவட்டம் உண்டானபோது மிகவும் சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. என்னைப் படிக்க வைத்ததும் கன்னியாஸ்திரிகள்தான். எருத்தேம்பதி, ஒழலப்பதி, வடகரப்பதிப் பக்கம் விசாரித்துப் பாருங்கள். வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய பெண் யார் என்று கேட்டால், பாதிக் கதையில் ஒரு சிஸ்டர் வருவார். அந்தக் கடன் எனக்கு இருக்கிறது. அதனால்தான் நேராகவே பேசுகிறேன்.

ஒரு ஸ்லைடைப் பற்றிச் சொல்கிறேன். போன லீவில் மகள் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். எந்த வழியில் போட்டாலும் விடை புத்தகத்தோடு ஒத்துவரவில்லை. வகுப்பில் கொடுத்த பிபிடியை வாங்கிப் பார்த்தேன். மாதிரிச் சராசரியின் திட்டப்பிழைக்குச் சூத்திரம் போட்டிருந்தார்கள்: மேலே சிக்மா (திட்டவிலக்கம், அதாவது விவரங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு), கீழே என் (எத்தனை பேரைக் கேட்டோம் என்ற எண்ணிக்கை). அவ்வளவுதான். கீழே இருக்க வேண்டியது என் அல்ல, என்னின் வர்க்கமூலம். எங்கிருந்தோ வெட்டி ஒட்டும்போது மூலக்குறி உதிர்ந்து போயிருக்கிறது. ஸ்லைடின் அடியில் பொடி எழுத்தில் வேறொரு கல்லூரியின் பெயரும், அவள் பத்தாவது படித்துக்கொண்டிருந்த ஒரு வருடமும் இருந்தன. அந்த ஸ்லைடு எத்தனை வகுப்புகளைத் தாண்டி வந்ததோ, யாருக்குத் தெரியும்.

நூறு பேரைக் கேட்டு ஒரு சராசரி எடுத்தால் அதில் எவ்வளவு பிசகு இருக்கலாம் என்று சொல்கிற சூத்திரம் அது. மூலக்குறி இருந்தால் திட்டவிலக்கத்தைப் பத்தால் வகுப்போம். மூலக்குறி போனால் நூறால் வகுப்போம். பிசகு பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்; கையில் இருக்கும் கணிப்பு பொய்யான பத்திரத்தோடு நிற்கும். இது தெரியாமல் பட்டம் வாங்கி நாளைக்கு ஒரு வங்கியிலோ சுகாதாரத் துறையிலோ உட்காரப் போகிறவர்கள் இந்தப் பிள்ளைகள்.

வகுப்பில் ஒரு பையன் எழுந்து கேட்டானாம். “பிபிடியில் இருப்பதையே எழுதுங்கள், மதிப்பெண் திட்டமும் அதன்படிதான்” என்று பதில் வந்திருக்கிறது.

அந்த ஆசிரியை மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மகளிடம் துருவித் துருவி விசாரித்தேன். அவர் படித்தது வணிகவியல். அந்தப் பாடம் அவர் தலையில் விழுந்தது செமஸ்டர் தொடங்கிய வாரத்தில். அதுவரை எடுத்தவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். பதினோரு மாத ஒப்பந்தம். சனிக்கிழமையும் வகுப்பு. அதற்கு மேல் அட்மிஷன் டூட்டி, ஃபெஸ்ட் டூட்டி, ஹாஸ்டல் பிள்ளைகளுக்கு மென்டார். யாரோ கொடுத்த பிபிடியைத் திறந்து ஒவ்வொரு சூத்திரமாகச் சரிபார்க்க அவருக்கு ராத்திரி பத்து மணிக்கு முன்னால் நேரம் ஏது? முப்பது பிள்ளைகள் இருந்த என் வகுப்புக்கே, முந்தின நாள் சாயங்காலம் உட்கார்ந்து கணக்கைப் போட்டுப் பார்க்காமல் நான் போனதில்லை. எனக்கு அந்தச் சாயங்காலம் இருந்தது. அவருக்கு இல்லை.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்: உங்கள் பல்கலைக்கழகங்களில் எல்லாவற்றுக்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறீர்கள், பாடத்தைத் தயாரிப்பதற்குத் தவிர.

விதி இல்லாமல் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு, அதாவது யு.ஜி.சி., 2018ல் போட்ட ஒழுங்குமுறையில் உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடி வகுப்பு, இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14 மணி நேரம் என்று இருக்கிறது. மொத்த வேலை நேரம் வாரம் 40 மணிக்குக் குறையாமல். மீதி நேரம் எதற்கு என்று யோசித்துத்தான் அந்தக் கணக்கைப் போட்டிருப்பார்கள்: படிக்க, தயாரிக்க, திருத்த, சந்தேகம் கேட்டு வருகிற பிள்ளையோடு உட்கார. உங்கள் வளாகங்களில் அந்த மீதி நேரத்தைக் கோர்ஸ் ஃபைல் தின்றுவிடுகிறது.

கோர்ஸ் ஃபைலை ஒரு பெற்றோர் கூட்டத்தில் பார்த்தேன். தடியான பெட்டி ஃபைல். உள்ளே பாடத்திட்டம், கால அட்டவணை, வகுப்பு வாரியாகத் திட்டம், கோர்ஸ் அவுட்கம், ப்ரோகிராம் அவுட்கம் (ஒரு பாடத்திலும் முழுப் படிப்பிலும் பிள்ளை எதைக் கற்க வேண்டும் என்ற பட்டியல்கள்), எது எதோடு எவ்வளவு பொருந்துகிறது என்று ஒன்று, இரண்டு, மூன்று போட்ட பெரிய கட்டம். விருந்தினர் சொற்பொழிவுக்கு ஜியோடேக் போட்ட போட்டோ. தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் அடியில் தெரிகிறது. அதில் முன்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு பையன் முகமும் தெளிவாகவே தெரிகிறது. கடைசியில் டெஸ்ட் பேப்பர் மாதிரிகள்: நன்றாக எழுதியது, நடுத்தரம், மோசம் என்று மூன்று. அந்த நடுத்தர மாதிரி என் மகளுடையது. வகுப்பில் பத்து நிமிஷம் கையில் கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டார்களாம். எங்கே தப்பு என்று அவள் உட்கார்ந்து பார்ப்பதற்குள் அது ஃபைலுக்குள் போய்விட்டது. ஒரு மாணவி எழுதிய தாள் அவளுக்குத் திரும்பி வரவில்லை, ஆய்வுக்கு வரும் குழுவுக்காகக் காத்திருக்கிறது. இந்த ஒன்றை மட்டுமாவது கல்விக்குழுவில் வைத்துப் பேசுங்கள்.

ஆய்வுக் குழுவைப் பற்றியும் கொஞ்சம். கல்லூரிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் தரம் போடுகிற நாக் அமைப்பு 1994ல் தொடங்கியது. பல்கலைக்கழகங்களுக்கு அவர்கள் வைத்திருந்த ஆயிரம் மதிப்பெண்ணில் கற்றல், கற்பித்தல், மதிப்பீட்டுக்கு 200. ஆராய்ச்சி வகையறாவுக்கு 250. கற்பித்தலுக்கான அந்த 200க்குள்ளேயே மாணவர் திருப்திக் கணிப்புக்கு 50. நீங்கள் கோபுரமாக உயர்த்தி வைத்திருக்கும் ஏ பிளஸ் பிளஸ் என்ற எழுத்துக்குப் பின்னால் வகுப்பறை அவ்வளவு சின்னதாகத்தான் இருக்கிறது. 2025 பிப்ரவரியில் ஆந்திராவில் ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்குப் போன நாக் குழுவின் தலைவரையும் உறுப்பினர்கள் சிலரையும் லஞ்ச வழக்கில் சி.பி.ஐ. கைது செய்தது. அது உங்கள் சபைகள் நடத்தும் இடம் அல்ல. உங்களை அதோடு சேர்த்துப் பேசவும் இல்லை. ஆனால் அந்த எழுத்து மட்டும் போதும் என்று பெற்றோர் நம்பிய காலம் அதோடு முடிந்தது. எங்கள் ஊர் டீக்கடையில்கூட அதைப் பற்றிச் சிரிக்கிறார்கள். வாசலில் வாழை கட்டி, சீரியல் லைட் போட்டு, பந்தியில் சோறு இல்லாத கல்யாணம் மாதிரி ஆகிவிடக் கூடாது.

பெற்றோர் கேட்பது கட்டுப்பாடுதான் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். ஓரளவு உண்மை. மகளை ரயில் ஏற்றி அனுப்புகிற தாய்க்கு, கேட்டில் செக்யூரிட்டி இருக்கிறார், ஹாஸ்டலில் சிஸ்டர் இருக்கிறார் என்பது பெரிய நிம்மதி. அதற்கு நன்றி. அதே சமயம், ஐடி கார்டு நாடாவின் நிறம், துப்பட்டா, ஒன்பது மணி பெல்லுக்கு இரண்டு நிமிஷம் பிந்தினால் அரை நாள் போச்சு, 85 சதவீதம் அட்டெண்டன்ஸ், குறைந்தால் அதை மன்னிக்கக் கண்டோனேஷன் கட்டணம்... இவ்வளவு கறாராகப் பிள்ளையை வகுப்புக்குள் உட்கார வைக்கிறவர்கள், உள்ளே என்ன கிடைக்கிறது என்பதில் அதே கறாரைக் காட்டுவதில்லை. வாசித்துக் காட்டும் ஸ்லைடுக்கு எதற்கு 85 சதவீதம்? வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாமே. “அம்மா, அட்டெண்டன்ஸுக்கு வகுப்புக்குப் போறோம், படிக்க யூடியூபுக்குப் போறோம்” என்று மகள் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் ஆசிரியர் இனம்தானே.

ஃபீட்பேக் வாங்குகிறோமே என்பீர்கள். வாங்குகிறீர்கள். எப்போது? ஹால் டிக்கெட் இறக்கும் நாளில். அந்தப் படிவத்தை நிரப்பினால்தான் ஹால் டிக்கெட் திறக்கும். லாகின் செய்வது ரெஜிஸ்டர் நம்பரை வைத்து; அப்புறம் “உங்கள் அடையாளம் ரகசியம்” என்று ஒரு வரி. எந்தப் பிள்ளை நம்பும்? எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம் தட்டிவிட்டு ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு போகிறார்கள். அந்த நட்சத்திரங்களைக் கூட்டி, சராசரி போட்டு, வட்டப் படம் வரைந்து, அதையும் ஃபைலில் வைக்கிறீர்கள். செமஸ்டர் பாதியில், பெயரில்லாமல், ஒரு துண்டுக் காகிதத்தில் “எது புரியவில்லை” என்று கேட்டுப் பாருங்கள். அந்த மூலக்குறி அன்றைக்கே கிடைத்திருக்கும்.

நல்லதும் நடக்கிறது. அதே பல்கலைக்கழகத்தில் ஒரு வயதான சிஸ்டர் இருக்கிறார். டெஸ்ட் பேப்பரை ஒரு வாரத்துக்குள் கையில் கொடுத்துவிடுவார். சிவப்பு மை கிடையாது, பென்சில். மகள் கொண்டு வந்த ஒரு தாளில், மூன்றாவது வரியிலிருந்து நான்காவது வரிக்குத் தாவிய இடத்தில், “இது எங்கிருந்து வந்தது? வந்து சொல்” என்று எழுதியிருந்தார். அவள் போனாள். சொல்லத் தெரியவில்லை. இருவரும் உட்கார்ந்து போட்டிருக்கிறார்கள். நாலு மணிக்கு மேல் அவர் அறை வாசலில் எப்போதும் ரெண்டு மூணு பேர் நிற்பார்களாம். அந்த சிஸ்டருக்கு நிரந்தர வேலை, ஃபைல் எழுத ஆள் உண்டு, அடுத்த வருடம் இருப்போமா என்ற கவலை இல்லை. அவருடைய நல்ல மனசு ஒரு பக்கம். அந்த நிம்மதியும் ஒரு பக்கம். முப்பது வயதில் இருக்கும் ஒப்பந்த ஆசிரியைக்கும் அந்த நிம்மதியைக் கொடுத்துப் பாருங்கள், அவர் வாசலிலும் பிள்ளைகள் நிற்பார்கள்.

எல்லைப் பிள்ளைகளைப் பற்றி எழுத வேண்டும். இதைப் பற்றி உங்களிடம் வேறு யாரும் பேச மாட்டார்கள்.

எங்கள் தாலுகாவில் பத்தாம் வகுப்பு வரை தமிழ் மீடியத்தில் படித்து, தமிழிலேயே எஸ்.எஸ்.எல்.சி. எழுதி, பிளஸ் டூவில் இங்கிலீஷுக்கு மாறுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மூணாறு, பீர்மேடு தேயிலைத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்களுக்கும் கிட்டத்தட்ட இதே பாதைதான். ஆந்திரப் பக்கம் நகரி, குப்பம் போனால் வேறு மாதிரி: வீட்டில் தமிழ், பள்ளியில் தெலுங்கு. இந்தப் பிள்ளைகள் உங்கள் படிவத்தில் “கேரளா” என்றோ “ஆந்திரா” என்றோதான் பதிவாகிறார்கள். என் மகளுக்கு மலையாளி மென்டாரைக் கொடுத்தார்கள். அதில் குறை ஒன்றுமில்லை, எங்கள் பிள்ளைகள் மலையாளமும் பேசும், அந்த மேடமும் தங்கமான மனுஷி. சிக்கல் இங்கிலீஷில். பேசுவதில்கூட இல்லை, எழுதுவதில்.

புரிகிறது, விடை தெரிகிறது, ஒரு பக்கம் கோர்வையாக எழுத வரவில்லை. முதல் செமஸ்டரில் பிரிட்ஜ் கோர்ஸ் என்று மூன்று நாள். ஒரு பெரிய ஹாலில் இருநூறு பேர், மைக்கில் யாரோ ஒருவர் இலக்கணம் சொல்லி முடித்துவிட்டார், சான்றிதழும் கொடுத்தார்கள். அப்புறம் அசைன்மென்ட். இரண்டாயிரம் சொல். அதை ஒரு சாஃப்ட்வேரில் ஏற்ற வேண்டும், எவ்வளவு காப்பி என்று அது சதவீதம் சொல்லும். பத்துக்குக் கீழே இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். மகளுக்கு முதல் முறை இருபத்திரண்டு வந்தது. வார்த்தைகளை மாற்றி மாற்றிப் போட்டு ஒன்பதுக்குக் கொண்டுவந்தாள். மதிப்பெண் வந்தது. அதை எந்த மனிதரும் படித்ததற்கு அடையாளமாக ஒரு கோடுகூட இல்லை. அவள் கற்றது என்ன? சதவீதத்தைக் குறைக்கும் வித்தை. முதல் பத்தியை ஒருவர் படித்து, “இந்த வாக்கியத்தில் என்ன சொல்ல வருகிறாய்?” என்று கேட்டிருந்தால் அந்த செமஸ்டரிலேயே பாதி தூரம் வந்திருப்பாள்.

இதற்குப் பெரிய செலவு ஆகாது. லைப்ரரியில் ஒரு மூலை, சாயங்காலம் இரண்டு மணி நேரம், ஆராய்ச்சி மாணவர்கள் நாலைந்து பேருக்கு உதவித்தொகை. எழுதியதை எடுத்துக்கொண்டு போனால் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்ட வேண்டும். அவர்களில் தமிழ், தெலுங்கு, மலையாளம் தெரிந்தவர்கள் இருந்தால் இன்னும் நல்லது. தன் மொழியில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தால் இங்கிலீஷில் எழுத வரும். வகுப்பிலே தனக்குப் புரிந்த கணக்கைப் பக்கத்துப் பிள்ளைக்குத் தமிழில் சொல்லிக் கொடுத்ததற்காக என் மகள் இருந்த பெஞ்சையே ஒரு முறை திட்டியிருக்கிறார்கள். அதை வளர்க்க வேண்டியவர்கள் நீங்கள்.

உங்கள் குருக்களிலேயே இதற்கு ஒரு முன்னோடி இருக்கிறார். தனிநாயகம் அடிகள் ஈழத்துக்காரர். ரோமில் படித்து, திருவனந்தபுரம் மறைமாவட்டத்துக் குருவாக இருந்தவர். ஐரோப்பிய மொழிகள் பல தெரியும். வடக்கன்குளம் பள்ளியில் 1940களின் தொடக்கத்தில் பணியாற்றியபோதுதான், தன் தாய்மொழி தனக்குப் போதவில்லை என்று கண்டு ஒரு பண்டிதரிடம் தமிழ் படித்தார். அப்புறம் அங்கி போட்ட குருவாகவே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகப் போய் உட்கார்ந்தார். 1966ல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு நடக்கக் காரணமானவர் அவர்தான். வாத்தியாராக இருந்தபடியே மாணவனாவதற்கு அவருக்கு யாரோ நேரம் கொடுத்திருக்கிறார்கள், அனுமதி கொடுத்திருக்கிறார்கள். இன்று உங்கள் பல்கலைக்கழகத்தில் முப்பது வயது ஆசிரியர் ஒருவர் வந்து, “எனக்கு இந்தப் பாடம் சரியாகத் தெரியவில்லை, ஒரு செமஸ்டர் படித்துவிட்டு வருகிறேன்” என்று சொல்ல முடியுமா? சொன்னால் அடுத்த ஒப்பந்தம் வருமா?

ஒப்பந்தம் என்ற விஷயத்துக்கு வருகிறேன். பணம் இல்லை என்பீர்கள். கேரளத்தில் அரசும் தனியார் கல்லூரி நிர்வாகங்களும் போட்ட 1972 ஒப்பந்தத்துக்குப் பிறகு எய்டட் (அரசு உதவி பெறும்) கல்லூரி ஆசிரியர் சம்பளத்தை அரசே நேரடியாகக் கொடுக்கிறது. அதனால் அந்தத் தலைமுறை ஆசிரியர்கள் நிம்மதியாகப் பாடம் எடுத்தார்கள்; எனக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவர்கள் அவர்கள்தான். பின்னால் சுயநிதிப் பாடப்பிரிவுகள் வந்தன. ஒரே வராந்தா, ஒரே ஸ்டாஃப் ரூம், ஒரே பாடம், இரண்டு சம்பளம். தனியார் பல்கலைக்கழகத்தில் அந்த இரண்டாவது சம்பளம்தான் வழக்கம் ஆகிவிட்டது. யு.ஜி.சி.யின் ஏழாவது சம்பளக் கமிஷன் அளவில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். கௌரவ விரிவுரையாளருக்கே ஒரு வகுப்புக்கு 1,500, மாதம் 50,000 வரை என்று 2019ல் உச்சவரம்பு வைத்தார்கள். உங்கள் ஒப்பந்த ஆசிரியருக்கு எவ்வளவு தருகிறீர்கள் என்று இதில் எழுத மாட்டேன். உங்களுக்குத் தெரியும்.

2018 ஒழுங்குமுறையில் ஒப்பந்த ஆசிரியர்கள் மொத்தப் பணியிடத்தில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இருந்தது. 2025 ஜனவரியில் வந்த வரைவில் அந்த வரம்பையே எடுத்துவிட்டார்கள். அரசு கயிற்றை அவிழ்த்துவிடுகிறது என்பதற்காக நீங்களும் ஓட வேண்டும் என்று கட்டாயம் இல்லையே. திருச்சபையின் சமூகப் போதனையில் நியாயமான கூலி என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் நாங்கள் கேட்கிறோம். திங்கட்கிழமை ஸ்டாஃப் ரூமில் அது எங்கே போகிறது?

பணத்துக்கு என் பதில் எளிதானது. புதிய பிளாக்கின் கண்ணாடி முகப்பை ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள். ஏழெட்டு மாநிலத்துப் பேப்பரில் முழுப்பக்க அட்மிஷன் விளம்பரத்தைப் பாதியாக்குங்கள். நாங்கள் கட்டணம் கட்டுவது கண்ணாடிக்கு அல்ல. வேலந்தாவளம் சந்தையில் காய் போட்டுப் பிள்ளையை அங்கே படிக்க வைக்கிற ஒருவரை எனக்குத் தெரியும். அவர் கேட்பதெல்லாம் “வாத்தியார் நல்லாச் சொல்லித் தர்றாங்களா டீச்சர்?” என்பதுதான். ஆடிட்டோரியத்தில் எத்தனை சீட் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்துக்காரரான கர்தினால் நியூமனை 2025 நவம்பர் 1 அன்று திருத்தந்தை பதினான்காம் லியோ மறைவல்லுநராக அறிவித்தபோது உங்கள் வளாகங்களில் பேனர் வைத்தீர்கள், கருத்தரங்கு நடத்தினீர்கள். நல்லது. அவர் டப்ளினில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தின் முதல் ரெக்டராக இருந்தது எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்கு ரொம்ப முன்னால், ஆக்ஸ்ஃபோர்டில் ஓரியல் கல்லூரியில் டியூட்டராக இருந்தபோது, டியூட்டர் வேலை என்பது மேய்ப்புப் பணி என்று பிடிவாதம் பிடித்தார். கல்லூரித் தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. அவருக்குப் புதிய மாணவர்களை அனுப்புவதையே நிறுத்திவிட்டார். கற்பித்தலையும் மேய்ப்பையும் பிரிக்க மறுத்ததற்கு அவர் கொடுத்த விலை அது. நீங்கள் மேய்ப்பைச் சாப்பலுக்கும் கவுன்சலிங் அறைக்கும் கொடுத்துவிட்டு, கற்பித்தலைப் பதினோரு மாத ஒப்பந்தத்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள். கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களைப் பற்றித் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1990 ஆகஸ்ட் 15 அன்று வெளியிட்ட ஆவணம், ஆசிரியர்கள் தங்கள் திறனைத் தொடர்ந்து வளர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. வளர்த்துக்கொள்ள நேரம் கொடுப்பது யார் வேலை?

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. எந்தப் பாடத்தை யார் எடுக்கிறார்கள் என்று ஒரு செமஸ்டர் முன்கூட்டியே முடிவாகட்டும். டெஸ்ட் பேப்பர் இரண்டு வாரத்துக்குள் பிள்ளை கைக்கே போகட்டும். ஃபைலுக்கு வேண்டுமானால் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். கோர்ஸ் ஃபைலை எழுத ஒவ்வொரு துறைக்கும் ஒரு கிளார்க்கை வையுங்கள், எம்.ஏ. படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகள் எங்கள் ஊரிலேயே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஒவ்வொரு துறையிலும் நிரந்தரம் எத்தனை பேர், ஒப்பந்தம் எத்தனை பேர், வாரம் எத்தனை மணி வகுப்பு என்பதை அட்மிஷன் கையேட்டில், கட்டண விவரத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள். ஃபெஸ்ட்டுக்கும் அட்மிஷன் மேளாவுக்கும் ஆசிரியர்களை இழுக்காதீர்கள், அதற்குத்தான் பப்ளிக் ரிலேஷன்ஸ் என்று ஒரு துறை இருக்கிறதே. ஒப்பந்தத்தைப் பதினோரு மாதத்திலிருந்து மூன்று வருடமாக்க முடியுமா என்று நிதிக்குழுவில் கேளுங்கள். முடியாது என்றால் ஏன் முடியாது என்று கணக்கைக் காட்டுங்கள். கணக்குப் பார்க்க எனக்குத் தெரியும்.

கேரளத்தில் புதிதாகத் தொடங்கப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பாலக்காட்டிலோ இடுக்கியிலோ வளாகம் வரும் என்றால், சித்தூர் அரசுக் கல்லூரியைப் போல உங்களிடமும் ஒரு தமிழ்த் துறை இருக்கட்டும். அது இல்லாவிட்டாலும், விண்ணப்பப் படிவத்தில் தாய்மொழிக்கும் பள்ளியில் படித்த மொழிக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள், வந்ததைக் கல்விக்குழுவில் யாராவது படியுங்கள்.

அந்த ஸ்லைடை ஆசிரியையின் பெயரும் கல்லூரியின் பெயரும் மறைத்து இந்த மடலோடு அனுப்புகிறேன். அதைப் பார்த்துவிட்டு அவர் யார் என்று தேட வேண்டாம். ஏப்ரலில் அடுத்த வருடத்துப் பாட ஒதுக்கீடு நடக்கும். அந்தக் கூட்டத்துக்கு முன்னால் இதை ஒரு தடவை படித்தால் போதும். பதில் எழுதுவதாக இருந்தால் தமிழ், மலையாளம், இங்கிலீஷ் எதிலும் எழுதலாம்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர்,
கொழிஞ்சாம்பாறை